7. கோஹாவைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது: கவுண்டர் திறக்கும்வரை

மேச்சேரி மாதிரி ஊரில் கல்லூரி நூலகத்துச் சர்வர் என்பது பெரும்பாலும் நூலகர் மேசைக்கடியில் இருக்கும் ஒரு டெஸ்க்டாப்தான். யாரோ ஒருவர் சேலத்திலிருந்து வந்து உபுண்டு போட்டு, கோஹா என்ற நூலக மென்பொருளை நிறுவி, பார்கோடு ரீடரைச் சொருகிக் காட்டிவிட்டுப் போயிருப்பார். அதன்பின் அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கேட்டால் "நல்லாத்தானே சார் ஓடுது" என்பார்கள். அந்தப் பதிலை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. ஓடுகிற ஒன்றைத் தொட்டுக் கெடுத்தவர்களின் கதைகளை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் தொடாமல் இருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. உபுண்டு 18.04-க்கான இலவச ஆதரவு 2023-இல் முடிந்தது. 20.04-க்கு 2025-இல் முடிந்தது. கோஹாவின் தரவுத்தளமாக இருக்கும் மைஎஸ்க்யூஎல் 5.7-க்கு 2023 அக்டோபரோடு சரி. உங்கள் நூலகப் பட்டியல் வெளியே இணையத்தில் திறந்திருந்தால், மாணவர்களின் முகவரியும் கைப்பேசி எண்ணும் ஓட்டை அடைக்கப்படாத ஒரு மெஷினில் இருக்கின்றன என்று பொருள். கல்லூரி வளாக லேனுக்குள் மட்டும்தான் ஓடுகிறது என்றால் அவசரம் குறைவு. ஆனாலும் ஹார்டு டிஸ்க் ஒருநாள் போகும். அன்றைக்குப் புதிய மெஷினில் ஏழெட்டு வருஷப் பழைய பதிப்பைத் தேடிப்பிடித்து நிறுவுவது, நிதானமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்கிரேட் செய்வதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

கோஹா பிறந்ததே ஒரு கட்டாய மாற்றத்தில்தான். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளையிடம் இருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாங்காது என்று தெரிந்ததும், கடிப்போ என்ற நிறுவனத்தைக் கொண்டு புதிதாக எழுதவைத்தார்கள். 2000 ஜனவரி 3 அன்று கவுண்டருக்கு வந்தது. இன்றைக்கு வருஷத்துக்கு இரண்டு பெரிய பதிப்புகள், மே மாதமும் நவம்பர் மாதமும் வருகின்றன. 2016-இலிருந்து பதிப்பு எண்ணே ஆண்டும் மாதமும்தான்: 23.11 என்றால் 2023 நவம்பர். ஒவ்வொன்றையும் துரத்த வேண்டாம். 22.11 போல நீண்டகால ஆதரவு அறிவிக்கப்பட்ட பதிப்புகள் உண்டு. சிறிய நூலகத்துக்கு அதுமாதிரி ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குப் போவதே போதும் என்பது என் கருத்து.

இந்த அத்தியாயத்தில் கட்டளைகளை ஒலிப்பில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

ஒருவழிப் பாதை

மென்பொருளைப் பழைய பதிப்புக்குத் திருப்ப முடியும். பழைய பொதியை எடுத்து மறுபடி நிறுவினால் முடிந்தது. தரவுத்தளத்துக்கு அப்படிப்பட்ட வழி கிடையாது. கோஹா 17.05-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஒவ்வொரு நூலின் மார்க் பதிவும் ‘பிப்லியோஐட்டம்ஸ்’ அட்டவணையில் ஒரு பத்தியாக இருந்தது. 17.05 அதை அங்கிருந்து எடுத்து ‘பிப்லியோ_மெட்டாடேட்டா’ என்ற தனி அட்டவணைக்குக் கொண்டுபோனது. அப்கிரேட் முடிந்தபின் 16.11-ஐத் திரும்ப நிறுவினால், அது பழைய இடத்தில் போய்த் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. இப்படிப்பட்ட மாற்றங்கள் ஒவ்வொரு பதிப்பிலும் பல நடக்கின்றன. அவற்றைப் பின்னோக்கி நடத்தும் கட்டளை எதுவும் இல்லை.

ஆகவே திரும்பி வருவதற்கு உங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று: அப்கிரேடுக்கு முன் எடுத்த பேக்கப். அதற்கும் ஆயுள் உண்டு. அப்கிரேடுக்குப் பிறகு கவுண்டரில் ஒரே ஒரு புத்தகம் இஷ்யூ ஆகிவிட்டால், அந்த ஒரு இஷ்யூ பேக்கப்பில் இல்லை. சாயங்காலத்துக்குள் நூறு இஷ்யூ, ஐம்பது ரிட்டர்ன், பத்து அபராத ரசீது. அதற்குமேல் பழைய பேக்கப்புக்குத் திரும்புவது என்றால் அந்த நாள் முழுவதையும் தூக்கிப் போடுவது. திரும்பும் கதவை மூடுவது ‘அப்கிரேட் முடிந்தது’ என்ற திரைச் செய்தி அல்ல, கவுண்டரில் விழும் முதல் பீப் சத்தம்தான். இனி வரும் ஒவ்வொரு வேலையும் இதை மனதில் வைத்துத்தான்: அந்த முதல் பீப்புக்கு முன்னால் எல்லாச் சந்தேகமும் தீர்ந்திருக்க வேண்டும்.

பேக்கப் இருக்கிறதா, இருப்பதாக நினைக்கிறீர்களா?

பொதி வழியாக நிறுவிய கோஹா தினமும் இரவு தானாகவே பேக்கப் எடுக்கிறது. ‘வார்/ஸ்பூல்/கோஹா’ அடைவில் உங்கள் நூலகப் பெயரில் இரண்டு கோப்புகள் இருக்கும்: ஒன்று எஸ்க்யூஎல், இன்னொன்று உள்ளமைவு. இதைப் பார்த்து நிம்மதி அடையும் முன் ஒரு விஷயம். இயல்பான அமைப்பில் இரண்டு நாளைய பேக்கப் மட்டும்தான் அங்கே நிற்கும். பழையதை அதுவே அழித்துவிடும். ஞாயிறு அப்கிரேட் செய்து, அபராதக் கணக்கு தப்பாக வருவதைப் புதன்கிழமை யாராவது கண்டுபிடித்தால், பழைய பேக்கப் அந்த அடைவில் இருக்காது. அதனால் அப்கிரேட் அன்று காலை ‘கோஹா-டம்ப்’ கட்டளையில் நீங்களே ஒன்று எடுத்து, வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றிலும், கல்லூரி அலுவலகக் கணினி ஒன்றிலும் வையுங்கள். இரண்டும் ஒரே அறையில் வேண்டாம்.

எடுத்த பேக்கப் திறக்குமா என்பது அடுத்த கேள்வி. இதற்குக் கிட்லேப் நிறுவனத்துக்கு நேர்ந்ததைவிட நல்ல பாடம் கிடையாது, அதை அவர்களே வெளிப்படையாக எழுதியும் வைத்தார்கள். 2017 ஜனவரி 31 இரவு, இரண்டாம் நிலை சர்வர் என்று நினைத்து, முதன்மைத் தரவுத்தளச் சர்வரிலேயே ஒரு பொறியாளர் அடைவை அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி அளவு. சரி, பேக்கப்பிலிருந்து எடுக்கலாம் என்று போனால் அங்கே ஒன்றும் இல்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6. பேக்கப் எடுத்த கருவியோ 9.2. பதிப்பு பொருந்தாமல் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வி என்று அனுப்பிய மின்னஞ்சல்கள் அஞ்சல் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யார் கண்ணிலும் படவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணிநேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு டிஸ்க் நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணிநேரத்துத் தரவு போனது போனதுதான்.

தரவுத்தளத்தின் பதிப்பு ஏறியது, பேக்கப் கருவியின் பதிப்பு ஏறவில்லை: அவ்வளவுதான் நடந்தது. உலகம் முழுவதும் மென்பொருளாளர்கள் நம்பியிருந்த நிறுவனத்துக்கே அது தெரியவில்லை. நம் பக்கத்திலும் இதே மாதிரி ஒன்று 2024 மே மாதம் வந்தது. கோஹா பயன்படுத்தும் இன்னொரு தரவுத்தளமான மரியாடிபி, பாதுகாப்புக்காகத் தன் டம்ப் கோப்பின் முதல் வரியில் ஒரு புதிய குறிப்பைச் சேர்க்க ஆரம்பித்தது. புதிய மரியாடிபியில் எடுத்த டம்பைப் பழைய மரியாடிபியிலோ மைஎஸ்க்யூஎல்லிலோ ஏற்றினால், முதல் வரியிலேயே பிழை காட்டி நின்றுவிடும். அந்த ஒரு வரியை நீக்கினால் போதும், சரியாகிவிடும். ஆனால் அது தெரியாதவர், எல்லாம் போய்விட்டது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். அதை அப்கிரேட் அன்று மதியம் தெரிந்துகொள்வதா, முந்தின வாரமே தெரிந்துகொள்வதா?

ஒத்திகை மெஷின்

ஆய்வகத்திலிருந்து கழித்த ஒரு கணினி போதும். 8 ஜிபி ரேம் இருந்தால் நல்லது. அதில் உபுண்டுவோ டெபியனோ புதிதாகப் போட்டு, நீங்கள் போகவிருக்கும் கோஹா பதிப்பை நிறுவுங்கள். உங்கள் டம்பை ‘கோஹா-ரீஸ்டோர்’ கொண்டு ஏற்றி, ‘கோஹா-அப்கிரேட்-ஸ்கீமா’ கட்டளையைக் கொடுங்கள். ஒவ்வொரு பதிப்பின் மாற்றத்தையும் வரிசையாகச் செய்துகொண்டே மேலே வரும். இடையில் பல பதிப்புகள் விட்டுப்போயிருந்தாலும் கோஹா பொதுவாக நேரே ஏறிவிடும். கோப்புகளைப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுட் மாதிரி மென்பொருள் அப்படி விடாது, ஒவ்வொரு பெரிய பதிப்பாகத்தான் ஏறவேண்டும். கடைசியில் ‘கோஹா-ரீபில்ட்-ஜீப்ரா’ கொடுத்துத் தேடல் அட்டவணையை முழுசாகக் கட்டுங்கள். இந்த மூன்றும் எவ்வளவு நேரம் எடுக்கின்றன என்று எழுதி வையுங்கள். அப்கிரேட் நாளில் உங்கள் கால அட்டவணை அதுதான்.

டம்பை ஏற்றிய ஒத்திகை மெஷினை நெட்டில் இணைப்பதற்கு முன் ‘கோஹா-இமெயில்-டிஸேபிள்’ கட்டாயம். எஸ்எம்எஸ் இணைப்பு இருந்தால் அதன் கடவுச்சொல்லையும் அந்த மெஷினில் மாற்றிவிடுங்கள். டம்போடு சேர்ந்து அனுப்பக் காத்திருக்கும் செய்திகளின் வரிசையும் வந்திருக்கும். இரவில் தானாக ஓடும் நிரல் அதை எடுத்து, ‘உங்கள் புத்தகம் தாமதம்’ என்று இருநூறு மாணவர்களுக்கு அனுப்பிவிடும். மறுநாள் காலை அத்தனை பேரும் உங்கள் மேசைக்கு முன்னால் நிற்பார்கள்.

இயங்குதளமும் பழையது என்றால் ஓடும் சர்வரில் கைவைக்கவே வேண்டாம் என்பேன். இந்த ஒத்திகை மெஷினையே, அல்லது அதைவிட நல்ல ஒன்றையே, புதிய சர்வராக ஆக்கிக்கொள்ளுங்கள். பழைய பெட்டி அப்படியே இருக்கட்டும். உபுண்டுவையும் மரியாடிபியையும் கோஹாவையும் ஒரே நாளில் ஒரே மெஷினில் ஏற்றிவிட்டு ஏதாவது உடைந்தால், மூன்றில் எது உடைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

நாளும் நேரமும்

ஜூன் மாதச் சேர்க்கையும், ஏப்ரல்-மே ‘நோ டியூ’ கையெழுத்துக் காலமும், தேர்வு வாரமும் வேண்டாம். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் மாதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. மற்றபடி ஒரு ஞாயிறு போதும்.

மின்சாரம்தான் நம் பக்கத்துப் பெரிய கேள்வி. மேட்டூர் அனல்மின் நிலையத்தின் திறன் 1,440 மெகாவாட். அதன் நிழலில் இருந்துகொண்டு யுபிஎஸ் பேட்டரியைப் பற்றிக் கவலைப்படுவது வேடிக்கைதான், ஆனால் கவலைப்பட்டாக வேண்டும். துணை மின்நிலையப் பராமரிப்புக்கான மாதாந்திர மின்தடை அறிவிப்பை நாளிதழில் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் போகும் கரண்டுக்கு யுபிஎஸ். அதன் பேட்டரி உண்மையில் எத்தனை நிமிஷம் தாங்குகிறது என்று பிளக்கைப் பிடுங்கி முன்னாடியே சோதியுங்கள், ஒத்திகை மெஷினை அதில் மாட்டி.

இதில் இவ்வளவு கெடுபிடி ஏன் என்றால், மரியாடிபியும் மைஎஸ்க்யூஎல்லும் அட்டவணை அமைப்பை மாற்றும் கட்டளைகளை ஒன்றுசேர்த்து ‘எல்லாம் அல்லது ஒன்றுமில்லை’ என்று நடத்துவதில்லை. ஒவ்வொரு மாற்றமும் அந்தந்த நிமிஷமே நிலைத்துவிடும். போஸ்ட்கிரெஸ்ஸில் இத்தகைய மாற்றங்கள் பலவற்றை ஒரே பரிவர்த்தனையாகக் கட்டலாம், நடுவில் நின்றால் முழுவதும் பழைய நிலைக்குப் போகும். கோஹாவுக்கு அந்த வசதி இல்லை. பாதியில் கரண்ட் போனால் பாதி புதியதும் பாதி பழையதுமான ஒரு தரவுத்தளம் உங்கள் கையில் இருக்கும். அதைச் சரிசெய்ய முயலாதீர்கள். பேக்கப்பை ஏற்றி முதலிலிருந்து தொடங்குங்கள்.

வீட்டிலிருந்து கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் சர்வருக்குள் நுழைந்து செய்வதாக இருந்தால், கட்டளையை ‘டிமக்ஸ்’ அல்லது ‘ஸ்கிரீன்’ உள்ளே ஓட்டுங்கள். சிக்னல் போனாலும் வேலை நிற்காது. என்னைக் கேட்டால் நேரில் போய் உட்காருங்கள்.

தெரியாமல் ஏறிவிடும் அப்கிரேட்

நீங்கள் திட்டமிடும் முன்பே உங்கள் சர்வர் தானாக ஏறிவிடும் ஒரு வழி இருக்கிறது. கோஹாவின் பொதிக் களஞ்சியத்தைச் சேர்க்கும்போது பெரும்பாலோர் ‘ஸ்டேபிள்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்டேபிள் என்பது ஒரு பதிப்பின் பெயராக நிற்காது, அடுத்த பெரிய பதிப்பு வந்ததும் அதைச் சுட்ட ஆரம்பிக்கும். யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடு ‘ஆப்ட் அப்கிரேட்’ கொடுத்தால் கோஹாவும் சேர்ந்து தாவும், பொதி நிறுவப்படும்போதே தரவுத்தள மாற்றத்தையும் ஓட்டிவிடும். உங்களிடம் கேட்காது. இன்றைக்கே அந்தக் கோப்பைத் திறந்து ‘ஸ்டேபிள்’ என்பதற்குப் பதில் உங்கள் பதிப்பு எண்ணைப் போடுங்கள். கூடவே ‘ஆப்ட்-மார்க் ஹோல்டு கோஹா-காமன்’ கொடுத்துப் பூட்டிவையுங்கள். அப்கிரேட் நாளன்று மட்டும் பூட்டைத் திறந்தால் போதும்.

ஒரு எழுத்து, தமிழ்த் தேடல் போச்சு

நிறுவல் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் திரை நின்று ஒரு கேள்வி கேட்கும்: இந்த உள்ளமைவுக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், உங்களுடையதை வைத்துக்கொள்ளட்டுமா, புதியதைப் போடட்டுமா? ‘ஒய்’ என்றால் புதியது. ‘என்’ என்றால் உங்களுடையது. ‘டி’ என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் காட்டும். எல்லாவற்றுக்கும் ‘ஒய்’ அடித்துப் பழகிய கை இங்கேதான் ஏமாறும்.

கோஹாவின் தேடல் இயந்திரமான ஜீப்ரா இயல்பாக எழுத்துகளைக் கையாளும் முறை தமிழுக்குச் சரிப்படாது. தமிழில் தேட, ஒருங்குறி எழுத்துகளைக் கையாளும் ஐசியூ முறைக்கு மாற்றியிருப்பார்கள். அந்த மாற்றம் இருக்குமிடம் ‘டீஃபால்ட்.ஐடிஎக்ஸ்’ என்ற ஒரு சிறிய கோப்பு. அந்தக் கோப்புக்கான கேள்விக்கு ‘ஒய்’ அடித்தால் ஐசியூ போய்விடும். நூல்கள் எல்லாம் அப்படியே இருக்கும், எண்ணிக்கை சரியாக இருக்கும், ஆங்கிலத் தலைப்புகள் வரும். தமிழ்த் தலைப்புகள் மட்டும் தேடலில் வராது. எனவே அந்த அடைவு முழுவதையும் முன்கூட்டியே நகல் எடுத்து வையுங்கள், கேள்வி வந்தால் முதலில் ‘டி’ அடித்துப் படியுங்கள்.

சோதிக்க எந்தச் சொல்லும் ஆகும், ஆனால் ஒகரமோ ஓகாரமோ உள்ள சொல் நல்லது. மேச்சேரி ஆட்டின ஆராய்ச்சி நிலையம் இருக்கும் பொட்டனேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கணினிக்கு அது வழக்கமாக ஒன்பது குறியீடுகள். ‘பொ’-வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒருங்குறிப்படி இரண்டும் சமம்தான். ஆனால் சரியாக அமைக்காத தேடல் அவற்றை இரண்டு வேறு சொற்களாக எடுத்துக்கொள்ளும். வேறுவேறு காலத்தில் வேறுவேறு விசைப்பலகையில் பதிவேற்றிய பட்டியலில் இரண்டு வகையும் கலந்திருக்கும். அப்கிரேடுக்கு முன் அந்தச் சொல்லுக்கு எத்தனை நூல் வந்தன, பின் எத்தனை என்று ஒப்பிடுங்கள்.

கதவு மூடும் முன்

அப்கிரேடுக்கு முன், கோஹாவின் அறிக்கைப் பகுதியில் ஐந்து எண்களை எடுத்துக் காகிதத்தில் எழுதியிருப்பீர்கள்: மொத்தத் தலைப்புகள், மொத்தப் பிரதிகள், உறுப்பினர்கள், இப்போது வெளியில் இருக்கும் புத்தகங்கள், நிலுவையில் உள்ள அபராதத் தொகை. முடிந்தபின் அதே ஐந்தும் வரவேண்டும். ஒன்று குறைந்தாலும் காரணம் தெரியாமல் நகர வேண்டாம். ‘கோஹா பற்றி’ பக்கத்தில் கணினித் தகவல் தாவலைத் திறந்தால், அதுவே தனக்குத் தெரிந்த குறைகளைச் சிவப்பில் காட்டும்.

அந்தப் பக்கத்தில் பார்க்கவேண்டிய ஒன்று வரிசை எண் மோதல். புத்தகம் திரும்பி வந்ததும் கோஹா அந்த இஷ்யூ வரியை ‘ஓல்டு_இஷ்யூஸ்’ அட்டவணைக்கு நகர்த்துகிறது. மரியாடிபி 10.2.4-க்கு முந்தியவையும் மைஎஸ்க்யூஎல் 5.7-உம், சர்வர் நின்று மறுபடி தொடங்கும்போது அடுத்த வரிசை எண்ணை மறந்துவிட்டு, மிஞ்சியிருக்கும் பெரிய எண்ணிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். ஏற்கெனவே நகர்த்திய எண் இன்னொரு புத்தகத்துக்கும் கிடைக்கும். அந்தப் புத்தகத்தை ரிட்டர்ன் எடுக்கும்போது மோதும். இஷ்யூ ஆகும்போது எதுவும் தெரியாது, இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும்.

பிறகு உங்கள் சொந்த உறுப்பினர் அட்டையில் ஒரு புத்தகத்தை இஷ்யூ செய்து, ரிட்டர்ன் எடுத்து, ரசீது அச்சடித்துப் பாருங்கள். தமிழ்ப் பெயர் ரசீதில் சரியாக விழுகிறதா? பார்கோடு லேபிள் அச்சாகிறதா? முகப்புத் தோற்றத்துக்காக யாரோ சேர்த்துவைத்த ஜாவாஸ்கிரிப்ட் துண்டுகள் புதிய பதிப்பில் அடிக்கடி உடையும். அவை உடைந்தாலும் தரவுக்கு ஒன்றும் ஆகாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு யாராவது புத்தகம் கேட்டு வந்தால், ஒரு நோட்டில் மாணவரின் பதிவெண், புத்தகத்தின் அக்சஷன் எண், நேரம் எழுதிக்கொண்டு கொடுங்கள். கோஹாவில் ஏற்ற வேண்டாம். மதியம் இரண்டு மணி என்று ஒரு முடிவு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஐந்து எண்களும் தமிழ்த் தேடலும் ரசீதும் சரி என்றால் நோட்டில் உள்ளதை ஏற்றிக் கவுண்டரைத் திறக்கலாம். சரியில்லை என்றால், இன்னும் ஒரு மணிநேரத்தில் சரியாகிவிடும் என்று தோன்றினாலும், பழைய பேக்கப்புக்குத் திரும்புங்கள். நோட்டில் எழுதிய பத்துப் புத்தகத்தை எந்தப் பதிப்பிலும் ஏற்றிக்கொள்ளலாம்.

பழைய மெஷினையோ பழைய டம்பையோ அடுத்த செமஸ்டர் தொடங்கும்வரை யாருக்கும் கொடுக்க வேண்டாம். அபராதம், புதுப்பித்தல், மாணவர் விடுவிப்பு எல்லாம் ஒரு சுற்று புதிய பதிப்பில் நடந்து முடியட்டும். அதன்பின் அந்த மெஷினை வேறு வேலைக்குக் கொடுக்கும்போது டிஸ்க்கை வெறுமனே பார்மட் செய்தால் போதாது, முழுவதும் மேலெழுதி அழித்துவிட்டுக் கொடுங்கள். இத்தனை வருஷத்து மாணவர்களின் பெயரும் முகவரியும் எண்ணும் அதில் இருக்கின்றன.